நேபிள்ஸில் ஒரே ஒரு நாள்: பொம்பெய்க்கு ஓடலாமா, ஊருக்குள்ளேயே இருக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கப்பல் காலை 8 மணிக்கு நேபிள்ஸ் துறைமுகத்துக்கு வருகிறது. மாலை 5.30க்குள் எல்லோரும் மறுபடி ஏறியிருக்க வேண்டும். நீங்கள், கணவர், பதினொரு வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என்று நான்கு பேர். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். பொம்பெய், காப்ரி தீவு, நேபிள்ஸ் ஊர் மூன்றையும் அந்த ஒன்பது மணி நேரத்தில் பார்த்துவிட ஒரு திட்டம் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மாமியாருக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் எதை விட்டால் பின்னால் மனசு அடித்துக்கொள்ளாது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

தொல்லியல் படிக்க இந்த ஊருக்கு வந்தவன், பதினான்கு வருஷமாக இங்கேயே இருக்கிறேன். அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடுகளை வகை பிரித்து, அளந்து, வரைந்து வைப்பது என் வேலை. ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் வரும்போதெல்லாம் இந்தத் தெருக்களில் அழைத்துப் போய்ப் பழக்கம். ஆனால் நான் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி இல்லை. திறப்பு நேரம், நுழைவுக் கட்டணம் எல்லாம் அடிக்கடி மாறும். அவற்றைக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வரலாறும் சாப்பாடும் பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு.

காப்ரியை யோசிக்காமல் விட்டுவிடலாம். படகில் போய் வரவும் வரிசையில் நிற்கவுமே பாதி நாள் போய்விடும். கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள், அப்போது உங்கள் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகும். எரிமலை வெடித்துப் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய் அப்படித் தள்ளிவிடக் கூடிய இடம் இல்லை. உலகத்தில் அதுபோல இன்னொன்று கிடையாது. ஆனால் உங்கள் கணக்கில் அது ஒத்துவராது. துறைமுகத்திலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து ஏறக்குறைய 40 நிமிட ரயில் பயணம், அப்புறம் நுழைவு வரிசை. உள்ளே போனால் 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது. நிழல் அபூர்வம். தெருவெல்லாம் உருண்டு தேய்ந்த எரிமலைக் கற்கள், நடைபாதையில் ஏறி இறங்க முழங்கால் உயரக் கற்கள். கால் வலியோடு ஒருவர் கூட வரும்போது அந்த இடத்தைப் பார்ப்பதைவிட அவரைப் பார்ப்பதிலேயே நேரம் போகும். உங்கள் கணவருக்குச் சின்ன வயசிலிருந்து பொம்பெய்தான் கனவு என்றால் முழு நாளையும் அதற்கே கொடுங்கள், ஊர்ப் பக்கம் திரும்பவே வேண்டாம். இரண்டையும் சேர்த்துக்கொண்டால் இரண்டும் போய்விடும். அப்படி ஒரு கனவு இல்லை என்றால் நேபிள்ஸுக்குள்ளேயே இருங்கள். அதிலும் ஒரு சின்னச் செவ்வகத்துக்குள் மட்டும்.

அந்தச் செவ்வகம் எது என்று சொல்கிறேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டில், 470ஐ ஒட்டி, பக்கத்திலிருந்த கூமே என்ற ஊரின் கிரேக்கர்கள் இங்கே ஒரு புதிய நகரம் அமைத்தார்கள். நேயாப்போலிஸ் என்றால் புது ஊர். அந்தப் பேர்தான் நாப்போலி என்று ஆகி, ஆங்கிலத்தில் நேபிள்ஸ் ஆனது. அவர்கள் நீளவாக்கில் மூன்று பெரிய தெருக்கள் போட்டார்கள், குறுக்கே வரிசையாகச் சந்துகள் போட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகியும் அந்தத் தெருக்கள் அதே இடத்தில் இருக்கின்றன. ஸ்பாக்கானாப்போலி என்று எல்லோரும் சொல்லும் நேர்த்தெரு அவற்றில் ஒன்று. வியா தெய் திரிபுனாலி இன்னொன்று. ரோமிலும் ஏதென்ஸிலும் பழைய நகரத்தைப் பார்க்க வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே அந்தப் பழைய தெருவில் ஸ்கூட்டர் போகிறது, மேலே துணி காய்கிறது, பாட்டி ஒருவர் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக் காய்கறி வாங்குகிறார். நான் இந்த ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். இந்த நகர மையத்தை யுனெஸ்கோ 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காலையில் மாமியார் கப்பலிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். ஏன் என்று சொல்கிறேன். நேபிள்ஸின் பேர் போன காலைப் பலகாரம் ஸ்ஃபோல்யதெல்லா. சங்கு மாதிரி அடுக்கடுக்காக, கடித்தால் நொறுங்கும். உள்ளே ரவையும் ரிக்கொட்டா பாலாடைக்கட்டியும் சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் இலவங்கப்பட்டையும் சேர்ந்து, சூடாக இருக்கும்போது நம்ம கேசரிக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். ஆனால் அந்த அடுக்குகளைப் பிரிக்கப் பன்றிக்கொழுப்பு தடவுவது மரபு, உள்ளே இருக்கும் கலவையில் முட்டையும் உண்டு. பார்த்தால் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். மிளகு போட்டு வளையமாகச் சுட்ட தரல்லி என்ற முறுக்கும் அப்படித்தான். பாதாம் பதித்து, முழுச் சைவம் போல இருக்கும், மாவு பிசைந்ததே பன்றிக்கொழுப்பில். என் அம்மா முதல் தடவை வந்தபோது நான் இதைச் சொல்ல மறந்து, அவர் கையில் பாதி தின்ற தரல்லி இருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க அவர் வேறெதையும் சாப்பிடவில்லை. மற்ற மூன்று பேரும் தாராளமாகச் சாப்பிடுங்கள், சூடாக இருக்கும் கடையாகப் பார்த்து. காப்பி கவுண்டரில் நின்றபடி குடியுங்கள், அதுதான் இங்கே வழக்கம். முதலில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் வைப்பார்கள். அதைக் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொண்டு அப்புறம் காப்பி. இரண்டு வாய்தான் இருக்கும், கோப்பையே கை சுடும்.

துறைமுகத்துக்கு எதிரிலேயே முனிச்சிப்பியோ மெட்ரோ நிலையம். அதைத் தோண்டும்போது பழைய நேயாப்போலிஸ் துறைமுகத்தின் சேற்றில் ரோமானியர் காலப் படகுகள் கிடைத்தன. நீங்கள் இறங்கி நடக்கும் இடமே ஒரு காலத்தில் கடல். அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் மூஸெயோ, தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். திறக்கும்போதே, 9 மணிக்கு, வாசலில் இருங்கள். பொம்பெய்க்குப் போகாத குறை இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது புதைந்த ஊர்களில் எடுத்த நல்ல ஓவியங்கள், மொசைக்குகள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் இங்கேதான் வந்தன. ஒன்றே முக்கால் மணி நேரம் போதும், ஆனால் எல்லா அறையையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். தரைத்தளத்தில் ஃபர்னேசே குடும்பம் சேர்த்து வைத்த பழைய சிலைகளுக்கு அரைமணி. ரோமில் கராகல்லா குளியல் மண்டபத்தில் கிடைத்த பெரிய காளைச் சிற்பத்தைச் சுற்றி வர உங்கள் மகன் நேரம் கேட்பான், கொடுங்கள். மாடியில் அலெக்சாந்தர் மொசைக். 1831இல் பொம்பெயில் ஒரு வீட்டுத் தரையில் கிடைத்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கற்கள். சில வருஷங்களாக அதைப் பழுதுபார்த்து வருகிறார்கள். முழுதாகப் பார்க்கக் கிடைக்குமா என்று உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் யாரை அழைத்துப் போனாலும் நிறுத்திக் காட்டுவது ஒரு ரொட்டியை. எரிமலைச் சூட்டில் கரியாகி, கரியானதாலேயே அழியாமல் நின்ற ரொட்டி. கறுப்பாக, வட்டமாக, மேலே கத்தியால் கீறி எட்டுத் துண்டாகப் பிரித்த கோடுகள். பங்கு போட வசதியாக, சுடுவதற்கு முன்பே கீறிவிடுவார்கள். பொம்பெயோடு சேர்ந்து புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒன்றின் மேல் முத்திரை குத்தியிருக்கிறது: குவிந்துஸ் கிரானியுஸ் வேருஸின் அடிமை செலெர் உடையது என்று. ஊர்ப் பொது அடுப்பில் பலர் வீட்டு ரொட்டியும் சேர்ந்து வேகும்போது மாறிப்போகாமல் இருக்க இந்த முத்திரை என்பது பரவலான விளக்கம். நம் ஊரில் கல்யாணப் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அதுபோல. என் அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். யார் வீட்டுக்குப் போக வேண்டிய ரொட்டியோ என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் லட்சுமி. இணையத்தில் எல்லோரும் பொம்பெய் லட்சுமி என்று எழுதும் தந்தச் சிலை இங்கேதான் இருக்கிறது. 24 சென்டிமீட்டர் போல உயரம். இடுப்பில் மணி மேகலை, கையெல்லாம் வளையல், இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தோழிகள். 1938இல் பொம்பெயில் ஒரு வீட்டில் உடைந்த துண்டுகளாக எடுத்து ஒட்டினார்கள். இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி நிறையக் கற்பனை சுற்றுகிறது. இந்தியாவில் செதுக்கியது என்பது உறுதி. கி.பி. 79க்கு முன்பே இத்தாலிக்கு வந்துவிட்டது என்பது உறுதி, எரிமலையே அதற்குச் சாட்சி. அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருக்கிறது, அது இந்தியாவின் வடமேற்கில் வழங்கியது. மகாராஷ்டிரத்தில் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் இதே ஜாடையுள்ள சிறு உருவங்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே தக்காணத்தில் செய்து வடமேற்கு வழியாகப் போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து. லட்சுமிதானா என்பது சந்தேகம். யட்சி என்று சொல்பவர்கள்தான் இப்போது அதிகம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. உச்சந்தலையிலிருந்து செங்குத்தாக ஒரு துளை இருப்பதால் கண்ணாடியின் கைப்பிடியாகவோ மேசைக் காலாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். தமிழகத்திலிருந்து போனது என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சிலை இருப்பது ரகசிய அறை என்ற பகுதியில். பொம்பெயின் காமச் சித்திரங்களையும் சிலைகளையும் தனியாக வைத்திருக்கும் அறை அது. மகனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போவதா என்பது உங்கள் வீட்டு முடிவு. ஒருவர் வெளியே அவர்களோடு இருக்க, மற்றவர் போய்ப் பார்த்து வரலாம்.

அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே இறங்குங்கள். போர்த்தால்பா வாசல் வழியாகப் பழைய புத்தகக் கடைகளைத் தாண்டினால் பெல்லினி சதுக்கம். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். காப்பிக் கடை மேசைகளுக்கு நடுவே இருப்பதால் பாதிப் பேர் கவனிக்காமலே போவார்கள். எட்டிப் பாருங்கள், மஞ்சள் நிற எரிமலைச் சாம்பல் கல்லை ஆள் நீளத்துக்கு வெட்டிச் சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க நகர மதில். அன்றைய தரைமட்டம் அந்தப் பள்ளத்தின் அடி. அதற்கு மேலே உள்ள அத்தனை மண்ணும் இரண்டாயிரம் வருஷக் குடியிருப்பு. இந்த உயர வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் கீழே இறங்கும்போது புரியும்.

இப்போது வியா தெய் திரிபுனாலி. பதினொன்றரை, பன்னிரண்டுக்கெல்லாம் பிட்ஸாக் கடைகள் திறந்துவிடும். திறந்த கையோடு உட்கார்ந்துவிடுங்கள், ஒரு மணிக்கு மேல் வரிசை தெருவை அடைக்கும். பேர் பெற்ற கடைதான் வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் நிற்காதீர்கள். இந்தத் தெருவில் மோசமான பிட்ஸாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுப்பு தெரிகிற மாதிரி இடம் கேளுங்கள். மாவு உருண்டையை விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவார், உள்ளே இருக்கும் காற்று விளிம்புக்குப் போகும். கட்டை உபயோகிக்க மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மாற்றி மாற்றி அறைந்து விரிப்பார். நம்ம பரோட்டாக் கடையில் மாவு வீசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கையின் சாமர்த்தியம் உடனே பிடிபடும். நானூறு டிகிரிக்கு மேல் கனலும் விறகடுப்பில் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான். விளிம்பு உப்பி, அங்கங்கே சிறுத்தைப் புள்ளி மாதிரி கருகியிருக்கும், நடு ஈரமாக, தொளதொளவென்று இருக்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், நேபிள்ஸ் பிட்ஸா அப்படித்தான். உட்கார்ந்தால் கத்தியும் முள்கரண்டியும், நின்றால் நான்காக மடித்துக் கையில். இந்தக் கைத்தொழிலை 2017இல் யுனெஸ்கோ பாரம்பரியமாக அறிவித்தது.

மாமியாருக்கு மரினாரா. பேரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம். மாலுமி என்ற சொல்லிலிருந்து வந்த பேர். தக்காளி, பூண்டு, ஒரேகானோ இலை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ் கிடையாது. மாவில் கோதுமை, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறில்லை, முட்டை இல்லை. என் கணக்கில் இந்த ஊரின் நல்ல பிட்ஸாவும் அதுதான், தக்காளியும் எண்ணெயும் ஒளிந்துகொள்ள இடமில்லாததால். தக்காளியோடு மொத்ஸரெல்லா சீஸ் போட்ட மார்கரீட்டா பிட்ஸா பற்றி ஒரு எச்சரிக்கை: இத்தாலியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். பார்மஜானோவில் கட்டாயம் உண்டு, எருமைப்பால் மொத்ஸரெல்லாவிலும் உண்டு. இதை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம், ஆனால் தெரிந்தே முடிவு செய்யட்டும். பிட்ஸா ஒத்துக்கொள்ளாது என்றால் தக்காளி ஸ்பகெட்டி கேளுங்கள். காய்ந்த பாஸ்தாவில் முட்டை இல்லை, வீட்டில் உருட்டிய புது பாஸ்தாவில் இருக்கலாம். கூடவே ஃப்ரியாரியெல்லி கேளுங்கள். கசப்புக் கீரை, பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கியது. தட்டு வந்ததும் என் அம்மா முகம் மலர்ந்தது அதற்குத்தான். ராகு என்று பேர் வரும் எதுவும் வேண்டாம், மணிக்கணக்காக இறைச்சியோடு கொதித்த சாறு அது. பரிமாறுபவரிடம் "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா, சென்ஸா ஸ்த்ரூத்தோ" என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, பன்றிக்கொழுப்பு இல்லாமல். கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு சமையல்கட்டில் போய் விசாரிப்பார்கள்.

மார்கரீட்டா கதையையும் கேட்பீர்கள். 1889இல் ராணி மார்கரீட்டா வந்தபோது ரஃபாயேலே எஸ்போசீத்தோ என்பவர் கொடிக்கு ஏற்ற பச்சை, வெள்ளை, சிவப்பில் ஒரு பிட்ஸா செய்தார், ராணி பேரை அதற்கு வைத்தார் என்று. ராணியின் பணியாளர் கையெழுத்திட்ட நன்றிக் கடிதம் ஒன்றையும் காட்டுவார்கள். அந்தக் கடிதத்தின் முத்திரையும் கையெழுத்தும் பொருந்தவில்லை என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மேலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த ஊர் பிட்ஸாவில் மொத்ஸரெல்லாவும் துளசி ஜாதிப் பேசில் இலையும் போட்டதற்குக் குறிப்பு இருக்கிறது. எனவே பேர் எப்படி வந்ததோ, பண்டம் ராணிக்கு முந்தியது. 2023இல் பொம்பெயில் பிட்ஸா ஓவியம் கிடைத்தது என்று செய்தி வந்ததே, அதுவும் பிட்ஸா இல்லை. தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். அது பழமும் வேறு பண்டங்களும் வைத்த தட்டை ரொட்டி.

சாப்பிட்டு எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால் சான் கயெத்தானோ சதுக்கம். கிரேக்கர் காலச் சந்தைவெளியும் ரோமானியர் காலப் பொதுச்சதுக்கமும் இங்கேதான் இருந்தன. சான் பவுலோ தேவாலயத்தின் முகப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கொரிந்தியத் தூண்களைப் பாருங்கள். அவை தியோஸ்கூரி என்ற இரட்டைத் தெய்வங்களின் கோயிலைச் சேர்ந்தவை. கோயில் முகப்பையே தேவாலயத்தின் முகப்பாக வைத்திருந்தார்கள். 1688 பூகம்பத்தில் மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. எதிரே சான் லொரென்ஸோ மஜ்ஜோரே. அதன் அடியில் இறங்கினால், பெல்லினி சதுக்கத்தில் மேலிருந்து பார்த்தீர்களே, அந்தப் பழைய தரைமட்டத்துக்கே போய்விடுவீர்கள். பத்து மீட்டர் போலக் கீழே, ரோமானியர் காலச் சந்தைத் தெரு ஒன்று முழுசாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் கடை அறைகள், ஒன்றில் ரொட்டி அடுப்பு, ஊர்ப் பணம் வைத்த கருவூல அறை. தலைக்கு மேலே, பாறைக்கு அந்தப் பக்கம், நீங்கள் சற்றுமுன் நடந்த தெரு. காலையில் பார்த்த கரி ரொட்டியும் மதியம் பார்த்த பிட்ஸா அடுப்பும் உங்கள் மகன் மனதில் சேர்வது இந்த அடுப்பின் முன்னால்தான். மாமியாருக்குப் படிகள் கஷ்டம் என்றால் மேலே தேவாலயத்தில் உட்காரலாம், குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்திலேயே வேறொரு சுரங்கச் சுற்றுலாவும் உண்டு. கிரேக்கர் கல் வெட்டிய குகைகள், ரோமானியர் நீர்வழி, இரண்டாம் உலகப் போரில் மக்கள் பதுங்கிய இடங்கள். அருமையானதுதான், ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைய வேண்டிய இடுக்குகள். முழங்கால் வலிக்காரருக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் நீரோ பற்றி ஒரு வார்த்தை. கி.பி. 64இல் ரோமப் பேரரசன் நீரோ இந்தத் தெருக்களுக்குப் பின்னாலிருந்த அரங்கத்தில் பாடினான் என்பது நிச்சயம். பாடும்போது பூமி அதிர்ந்தும் நிறுத்தாமல் பாடி முடித்தான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். எல்லோரும் வெளியேறிய பிறகு வெற்று அரங்கம் இடிந்தது என்று இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் தசித்துஸ் எழுதுகிறார். முதல் கதைதான் சுவை, அதையே எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். நான் இரண்டையும் சொல்லிவிடுவேன். ஆனால் சுவெத்தோனியுஸ் போகிறபோக்கில் சொல்லும் இன்னொரு வரி எனக்கு ரொம்ப முக்கியம். அப்போதுதான் வந்து சேர்ந்த கப்பல்களில் எகிப்திலிருந்து வந்திருந்த அலெக்சாந்திரியாக்காரர்கள் தாளக்கட்டோடு கைதட்டியதில் நீரோ மயங்கினானாம்.

அந்த அலெக்சாந்திரியாக்காரர்களின் தடம் ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. ஸ்பாக்கானாப்போலித் தெருவுக்கு இறங்கினால் ஒரு சின்ன முக்கில் தாடிவைத்த முதியவர் ஒருவர் சாய்ந்து படுத்திருக்கும் பளிங்குச் சிலை. அவர்தான் நைல் நதி. எகிப்திலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள் இந்தப் பேட்டையில் இருந்தார்கள், தங்கள் ஆற்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். இடையில் தலை போய்விட்டதால், உடம்பின் மேல் விளையாடும் குழந்தைகளைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் தாய் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நேபிள்ஸின் உடல் என்று பேரும் வைத்தது. தலை 17ஆம் நூற்றாண்டில் வைத்தது. நம் கடலோடு இந்த ஊருக்கு உள்ள தொடர்பு இந்த ஆற்றின் வழியாகத்தான். மிளகும் தந்தமும் செங்கடல் துறைகளில் இறங்கி, பாலைவனம் தாண்டி, நைலில் மிதந்து அலெக்சாந்திரியா வந்து, அங்கிருந்து நேபிள்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான புத்தேயோலிக்கு, இன்றைய பொட்ஸுவோலிக்கு வந்தன. எகிப்தின் பாலைவனப் பாதையில் ஒரு பாறைமேல் புப்லியுஸ் அன்னியுஸ் புலோகாமுஸ் என்பவரின் ஆள் லீசாஸ், கி.பி. 6இல் தன் பேரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறான். அன்னியுஸ் குடும்பம் புத்தேயோலிக்காரர்கள். அதே அன்னியுஸ் புலோகாமுஸ் பேருள்ள ஒருவரிடம் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் புயலில் அடித்துக்கொண்டு போய் இலங்கையில் கரையேறினான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆளா, தாத்தாவும் பேரனுமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரே குடும்பம் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. அந்த முதியவர் சிலை முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

மீதி நேரம் சுருக்கம். முக்காடிட்ட கிறிஸ்து சிலை உள்ள சான்சேவேரோ சிற்றாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பதிவு கிடைத்தால் மட்டும் போங்கள், டிக்கெட் வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். மெல்லிய துணியை ரசாயனத்தால் கல்லாக்கினார்கள் என்று சொல்வது கட்டுக்கதை. ஜுசேப்பே சன்மார்த்தீனோ 1753இல், 33 வயதில், ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கியது. முன்பதிவு இல்லையென்றால் வருத்தம் வேண்டாம், நேரே சாந்தா கியாராவுக்குப் போங்கள். 1943 ஆகஸ்ட் 4 குண்டுவீச்சில் எரிந்து மறுபடி கட்டிய தேவாலயம் அது. பின்னால் உள்ள முற்றத்தில் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக ஓடு பதித்த தூண்களும் திண்ணைகளும், நடுவே எலுமிச்சை மரங்களும். அந்தத் திண்ணைகளில் உட்கார முடியாது, ஓடு பாழாகும், ஆனால் சுற்றிலும் உட்கார இடம் உண்டு. மாமியார் ஒரு அரைமணி அங்கே கால் நீட்டட்டும். வெயில் காலமாக இருந்தால் போகும் வழியில் எலுமிச்சைக் கடை ஒன்றில் நில்லுங்கள். ஒரு பெரிய எலுமிச்சையைப் பிழிந்து, சோடாத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடுவார்கள். குபீரென்று பொங்கி வழியும். கால்களை அகட்டி முன்னால் குனிந்துதான் குடிக்க வேண்டும், இல்லையென்றால் உடுப்பெல்லாம் நனையும். உங்கள் மகன் இரண்டாவது கேட்பான். மாமியாருக்கும் தடையில்லாத பானம் அது.

அங்கிருந்து துறைமுகத்துக்கு இறக்கமான நடை, மெதுவாகப் போனால் 25 நிமிடம். 4 மணிக்குக் கிளம்பிவிடுங்கள், போக்குவரத்தை நம்பி நேரத்தை இழுக்க வேண்டாம். கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், ரப்பர் அடி செருப்பு அவசியம். ஸ்கூட்டர்கள் சந்துக்குள்ளும் வரும், மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பையை முன்பக்கம் மாட்டுங்கள், கைப்பேசியைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளினால் பல சமையல்கட்டுகள் மூடிவிடும், அதனால்தான் முன்னாலேயே சாப்பிடச் சொன்னேன்.

டிக்கெட் எதுவும் எடுப்பதற்கு முன்னால், கப்பல் வரும் தேதி என்ன கிழமை என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமையில் அருங்காட்சியகமும் சான்சேவேரோவும் மூடியிருக்கும். அப்படி அமைந்துவிட்டால் காலை நேரத்தை சான் லொரென்ஸோவில் தொடங்கிக்கொள்ளுங்கள். தேதியை இங்கேயே எழுதினால், அந்த நாளுக்கு ஏற்றபடி வரிசையை மாற்றிச் சொல்கிறேன்.